தண்ணீரில் விழுந்த போனைக் காப்பாற்ற: முதல் நிமிடத்திலிருந்து கடை ரசீது வரை

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மழை. வேளச்சேரியில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். கீழ்த்தளத்தில் இருந்த தையல் மெஷினின் மோட்டாரைக் கழற்றி மாடிக்குத் தூக்கிக்கொண்டிருந்தபோது, நைட்டிப் பையிலிருந்த போன் தண்ணீருக்குள் விழுந்துவிட்டது. துழாவி எடுக்க ஐந்தாறு நிமிடம் ஆனது. எடுத்தபோதும் திரை எரிந்துகொண்டிருந்தது. நல்லவேளை, தப்பித்தது என்று நினைத்தேன். பொங்கலுக்கு வந்திருந்த 63 பிளவுஸ் ஆர்டர்களின் அளவுகள் அந்தப் போனில்தான் போட்டோவாக இருந்தன. அளவு நோட்டு அலமாரியின் கீழ்த்தட்டோடு ஊறிப்போயிருந்தது.

போன் வேலை செய்கிறதே என்று அதை அணைக்காமல் இரண்டு மணி நேரம் ஊருக்கெல்லாம் பேசினேன். பிறகு திரை மங்கியதும் அரிசி டப்பாவில் புதைத்தேன். மூன்றாம் நாள் கரண்ட் வந்தது. உடனே சார்ஜரில் போட்டேன். ஒரு தடவை அதிர்ந்தது, அப்புறம் அடங்கிவிட்டது. இந்த மூன்றில் ஒன்றைச் செய்யாமல் இருந்திருந்தால்கூட அந்தப் போன் இன்று என் கையில் இருந்திருக்கலாம்.

ஏழு மாதம் கழித்து அக்கா மகனின் போன் குளியலறை வாளியில் விழுந்தது. அந்த முறை என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. 900 ரூபாயில் பிழைத்தது. இரண்டு போனிலும் நான் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். உங்கள் போன் இப்போதுதான் நனைந்திருக்கிறது என்றால் முதல் இரண்டு படிகளைச் செய்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

1. எடுத்த கையோடு அணையுங்கள்

போன் வேலை செய்தாலும் அணைக்க வேண்டும். வேலை செய்கிற போனைத்தான் இன்னும் சீக்கிரமாக அணைக்க வேண்டும். தண்ணீர் மட்டும் போனுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டை உடனே கெடுத்துவிடாது. தண்ணீரில் கரைந்த உப்பும், பேட்டரியிலிருந்து ஓடும் மின்சாரமும் சேரும்போதுதான் செம்பு அரிக்க ஆரம்பிக்கிறது. போன் ஆனில் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்த அரிப்பு நடந்துகொண்டே இருக்கிறது.

இப்போது வரும் பல போன்களில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் குரல் உதவியாளர்தான் வரும். பவர் பட்டனையும் வால்யூம் பட்டனையும் சேர்த்துப் பிடித்தால் அணைக்கும் திரை வரும். இதை வீட்டில் எல்லோரும் இன்றைக்கே ஒரு தடவை செய்து பார்த்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது. ரொம்ப நேரம் பிடித்தால் பல மாடல்களில் போன் ரீஸ்டார்ட் ஆகிவிடும், அதையும் கவனியுங்கள். டச் வேலை செய்யாமல் அணைக்கவே முடியவில்லை என்றால் நேராக 7ஆம் படிக்குப் போய்விடுங்கள். அப்போது ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

சார்ஜரில் இருக்கும்போது நனைந்திருந்தால் போனைத் தொடுவதற்கு முன் சுவிட்சை அணையுங்கள். ஈரக்கையால் பிளக்கைப் பிடுங்க வேண்டாம்.

போன் சுடுகிறது, முதுகு உப்பியிருக்கிறது, இனிப்பும் காரமுமாக ஒரு மருந்து வாசனை வருகிறது என்றால் அது பேட்டரி. கட்டில், சோபா பக்கத்தில் வைக்காமல் வெளியே வெறும் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். உள்ளே என்ன இருந்தாலும் சரி, அந்த நேரத்தில் போனைக் காப்பாற்ற வேண்டாம்.

2. கழற்றுங்கள், துடையுங்கள், செங்குத்தாக வையுங்கள்

கவர், சிம் தட்டு, மெமரி கார்டு மூன்றையும் எடுத்துவிடுங்கள். கவருக்குள் நிற்கும் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். பேட்டரியைக் கழற்றக்கூடிய பழைய போன் என்றால் அதையும் கழற்றுங்கள். மற்ற போன்களின் முதுகை நீங்களே கத்தியால் நெம்ப வேண்டாம். பேட்டரியில் கீறல் விழுந்தால் தீப்பிடிக்கும்.

பஞ்சு உதிராத பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். சார்ஜிங் துளை கீழே பார்த்தபடி பிடித்து, உள்ளங்கையில் மெதுவாகத் தட்டுங்கள். வேகமாக உதறினால் ஓரத்தில் இருக்கும் தண்ணீர் நடுப்போர்டுக்குப் போய்விடும். துளைக்குள் காது குடையும் பஞ்சு, ஊசி, டிஷ்யூ எதையும் விடாதீர்கள். வாயால் ஊதவும் வேண்டாம்.

3. என்ன தண்ணீர் என்று யோசியுங்கள்

குடிநீரோ மழைத் தூறலோ என்றால் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. வெள்ளத் தண்ணீர், சாக்கடை கலந்த தண்ணீர், சோப்புத் தண்ணீர், குழம்பு, காபி எல்லாமே மோசம். கடல் தண்ணீர் எல்லாவற்றிலும் மோசம். ஒரு லிட்டரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு. மெரினாவிலோ ராமேஸ்வரத்திலோ அலையில் விழுந்த போனை வீட்டுக்குக் கொண்டுவந்து காய வைத்துப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். தண்ணீர் காயும், உப்பு அப்படியே உள்ளே நிற்கும். அன்றைக்கே கடைக்குப் போக வேண்டும்.

"என் போன் வாட்டர் ப்ரூஃப்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. போன் எவ்வளவு தண்ணீர் தாங்கும் என்பதை ஐபி என்ற எண்ணால் சொல்வார்கள். ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். ஐபி68 என்றால் அதைவிடக் கடுமையான சோதனை, எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பது அந்தக் கம்பெனி சொல்லும் கணக்கு. இந்தச் சோதனையை நடத்துவது புதுப் போனில், நல்ல தண்ணீரில். இரண்டு தடவை கீழே விழுந்து ஓரம் நெளிந்த போனுக்கும், ஒரு தடவை டிஸ்ப்ளே மாற்றிய போனுக்கும் அந்த எண்ணை நம்ப முடியாது.

போன் முழுகவே இல்லை, சார்ஜிங் துளை மட்டும் நனைந்து திரையில் ஈர எச்சரிக்கை வருகிறது என்றால் பயப்பட வேண்டாம். துளை கீழே பார்க்கும்படி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். அரை மணி நேரம் கழித்து வயரைச் செருகிப் பாருங்கள். மறுபடி எச்சரிக்கை வந்தால் ஒரு நாள் வரை பொறுங்கள். எச்சரிக்கையைத் தள்ளிவிட்டு சார்ஜ் போடுவதுதான் ஆபத்து.

4. அரிசியை விடுங்கள்

நானே செய்ததால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் வீட்டு அரிசியில் ஏற்கெனவே 12 முதல் 14 சதவீதம் ஈரம் இருக்கிறது. அது போனுக்குள் இருக்கும் தண்ணீரை இழுத்துக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை. அரிசியின் மாவுத்தூள் சார்ஜிங் துளையில் ஒட்டி, ஈரத்தில் கூழாகிவிடும். ஆப்பிள் நிறுவனமே ஐபோனை அரிசிப் பைக்குள் போடாதீர்கள் என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்கிறது.

இதைவிடப் பெரிய நஷ்டம், அரிசியில் போட்டுவிட்டோம் என்ற நிம்மதியில் நாம் சும்மா இருக்கும் இரண்டு நாள். போர்டின் மேல் தகர மூடிகள் இருக்கும். அவற்றுக்கு அடியிலும் சிப்களுக்கு அடியிலும் மெல்லிய படலமாகத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். வெளியே எதை வைத்தாலும் அது சுலபத்தில் வராது. வந்தாலும் அதிலிருந்த அழுக்கு போர்டிலேயே தங்கிவிடும். போனைத் திறந்து அதைக் கழுவ வேண்டும், முடிந்தால் அன்றைக்கே. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

ஹேர் டிரையர் வேண்டாம். சூடு ஓரத்துப் பசையை இளக்கும், காற்று தண்ணீரை உள்ளே தள்ளும். மொட்டைமாடி வெயில், அடுப்பு மேடை, இட்லிப் பானை மூடி எதுவும் வேண்டாம். பேட்டரிக்குச் சூடு ஆகாது.

வெள்ளத்தில் கடைகளே மூடியிருக்கின்றன, வெளியே போக வழியில்லை என்றால் என்ன செய்வது? அணைத்த போனைச் சுவரில் சாய்த்து நிறுத்தி ஃபேன் காற்றில் வையுங்கள். மழை நாளில் சென்னைக் காற்றே ஈரம் என்பதால், செருப்புப் பெட்டியிலும் புதுப் பையிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் பத்துப் பதினைந்து இருந்தால் மூடிபோட்ட டப்பாவில் அவற்றோடு போட்டு வைக்கலாம். இது கடைக்குப் போகும்வரை மட்டும்தான். நடுவில் "ஆன் ஆகிறதா பார்ப்போம்" என்று பட்டனை அழுத்தவே கூடாது. அந்த ஆசையை அடக்குவது கஷ்டம், எனக்குத் தெரியும். போனை வீட்டில் வேறொருவரிடம் கொடுத்து வைத்துவிடுங்கள்.

5. டூப்ளிகேட் சிம்முக்கு ஓடாதீர்கள்

நனைந்த சிம் பெரும்பாலும் கெடாது. துடைத்து, காயவிட்டு, வேறு போனில் போட்டால் வேலை செய்யும். இது தெரியாமல் நான் முதல் வேலையாக டூப்ளிகேட் சிம் வாங்கினேன்.

புது சிம் ஆக்டிவேட் ஆனதும் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் போகவும் செய்யாது, வரவும் செய்யாது. சிம் மாற்றி வங்கிப் பணத்தைத் திருடுவதைத் தடுக்கத் தொலைத்தொடர்புத் துறை வைத்த கட்டுப்பாடு அது. அதனால் வங்கி ஓடிபி வராது. யுபிஐ செயலியைப் புதுப் போனில் பதிவு செய்யும்போது அது நம் எண்ணிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பித்தான் சரிபார்க்கும், அதுவும் நடக்காது. கையில் ரொக்கமும் இல்லாமல், லைனிங் துணிக்காரருக்குப் பணம் கொடுக்க முடியாமல் ஒரு நாள் முழுக்க நின்றேன். 2024 ஜூலை 1 முதல் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. சிம் மாற்றினால் அடுத்த ஏழு நாள் வேறு நிறுவனத்துக்குப் போர்ட் செய்ய முடியாது.

போனுக்குள்ளேயே இருக்கும் இ-சிம் என்றால் கழற்றி மாற்ற வழியில்லை, சிம் மாற்றத்தான் வேண்டும். ஆதாரோடு நிறுவனத்தின் சொந்த ஷோரூமுக்குப் போங்கள். போகும் முன் இரண்டு நாள் செலவுக்கு ஏடிஎம்மில் ரொக்கம் எடுத்துக்கொள்ளுங்கள்.

6. காகிதங்களைத் தேடுங்கள், பிறகு எங்கே போவது என்று முடிவெடுங்கள்

எடுத்து வைக்க வேண்டியவை: போன் வாங்கிய பில், போன் வந்த பெட்டி, ஆதார் நகல். பில் கிடைக்காவிட்டால் வாங்கிய கடையில் போன் நம்பரைச் சொல்லிக் கேளுங்கள். ஆன்லைனில் வாங்கியிருந்தால் ஆர்டர் பக்கத்தில் இருக்கும். ஐஎம்இஐ என்பது ஒவ்வொரு போனுக்கும் உள்ள அடையாள எண், 15 இலக்கம், பெட்டியின் ஸ்டிக்கரில் இருக்கும். போன் நன்றாக இருக்கும்போதே *#06# அழுத்தி அந்த எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள்.

பில்லைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றைப் பாருங்கள். வாரண்டி வேறு, இன்சூரன்ஸ் வேறு. சாதாரண ஒரு வருட வாரண்டி தண்ணீர் சேதத்துக்கு வராது. சிம் தட்டுப் பக்கத்தில் அல்லது உள்ளே ஒரு சின்ன வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும், தண்ணீர் பட்டால் சிவப்பாகிவிடும். அதைப் பார்த்ததுமே சர்வீஸ் சென்டரில் சொல்லிவிடுவார்கள். ஆனால் வாங்கும்போது தண்ணீர் சேதத்தையும் சேர்த்துப் பாதுகாப்புத் திட்டம் எடுத்திருக்கிறீர்களா என்று பில்லில் தேடுங்கள். கடைக்காரர் சேர்த்துப் போட்டது பலருக்கு நினைவிலேயே இருக்காது.

திட்டம் இருந்தால் வெளிக்கடையில் திறக்கவே விடாதீர்கள், கிளைம் தள்ளுபடியாகிவிடும். எத்தனை மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கும், அதற்குள் அழைத்துப் புகார் எண் வாங்குங்கள். நனைந்த போனை நாலு பக்கமும் வேறு போனில் படம் எடுத்து வையுங்கள்.

திட்டம் இல்லையென்றால் உங்களுக்கு வேண்டியது போனா, உள்ளே இருப்பதா என்று யோசிக்க வேண்டும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பெரும்பாலும் போர்டைக் கழுவிப் பார்ப்பதில்லை, போர்டையே மாற்றுவார்கள். போர்டு மாறினால் போட்டோவும் கணக்கும் போய்விடும். இப்போதைய போன்களில் சேமிப்பு சிப்பைத் தனியாகக் கழற்றி வேறு போனில் வைத்தும் படிக்க முடியாது, அது பூட்டியிருக்கும். பழைய போர்டே கொஞ்ச நேரமாவது உயிரோடு ஓட வேண்டும். எனக்கு அளவுப் படங்கள்தான் வேண்டியிருந்தன. அதனால் போர்டு வேலை தெரிந்தவரைத் தேடினேன்.

7. கடையில் என்ன கேட்பது, எதற்குச் சம்மதிக்கக் கூடாது

முதலில் போனது பக்கத்துத் தெருக் கடை. "சாஃப்ட்வேர் போட்டா சரியாயிடும்" என்றார்கள். தண்ணீர் போன போனுக்குச் சாஃப்ட்வேர் போடுவது என்றால் உள்ளே இருப்பதை எல்லாம் அழிப்பது. எனக்கு அது அப்போது தெரியாது. போன் ஆன் ஆகவே இல்லை என்பதால்தான் என் படங்கள் தப்பின. மூன்று நாள் வைத்திருந்து, 500 ரூபாய் வாங்கிக்கொண்டு, டெட் என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

அப்புறம் சென்னையில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடக்கிற தூரம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். மாடிப்படி ஏறி ஒரு சின்ன அறை. மேஜையில் மைக்ரோஸ்கோப், மீட்டர், பவர் சப்ளை, ஒரு ஸ்டீல் தொட்டி. அந்தத் தம்பி போனைத் திறப்பதற்கு முன் கேட்ட முதல் கேள்வி: "அக்கா, நனைஞ்சதுக்கப்புறம் ஆன் பண்ணீங்களா? சார்ஜ் போட்டீங்களா?" இரண்டும் செய்தேன் என்றேன். ஒன்றும் சொல்லாமல் திறந்தார். தகர மூடியை எடுத்துவிட்டு என்னை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். பேட்டரி கனெக்டரின் ஓரத்தில் பித்தளைக் குத்துவிளக்கில் பிடிக்கும் களிம்பு மாதிரியே பச்சையாகப் பூத்திருந்தது. வரிசையாக இருக்க வேண்டிய ஊசிமுனைக் கால்களில் இரண்டைக் காணவில்லை. "கரைஞ்சிடுச்சு" என்றார். தண்ணீரில் விழுந்த ஐந்து நிமிடத்தில் அவை கரையவில்லை. அணைக்காமல் பேசிய இரண்டு மணி நேரத்திலும் சார்ஜர் போட்ட நேரத்திலும்தான் கரைந்திருக்க வேண்டும்.

நல்ல கடை என்று எப்படித் தெரியும்? இவற்றைக் கேளுங்கள்:

போர்டை எதால் கழுவுவீர்கள்? ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், சுருக்கமாக ஐபிஏ என்றோ, ஒலி அதிர்வால் கழுவும் அல்ட்ராசோனிக் கிளீனர் என்றோ பதில் வர வேண்டும். பெட்ரோல், தின்னர் என்றால் கிளம்பிவிடுங்கள். தகர மூடிக்கு அடியிலும் சுத்தம் செய்வீர்களா? வெறும் சூடான காற்று அடித்துக் காய வைத்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தப் போன் இரண்டு வாரம் ஓடிவிட்டு நிற்கும். சரியாகவில்லை என்றால் எவ்வளவு வாங்குவீர்கள்? இதை முன்பே பேசிவிடுங்கள்.

ரசீது இல்லாமல் போனைக் கொடுக்காதீர்கள். அதில் மாடல், ஐஎம்இஐ, சொன்ன தொகை, தேதி இருக்கட்டும். "கேட்காமல் ரீசெட் செய்யக் கூடாது, முதலில் தகவலை எடுக்க வேண்டும்" என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். நல்ல டெக்னீஷியன் இதற்குக் கோபப்பட மாட்டார். சிம்மையும் மெமரி கார்டையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். லாக் பேட்டர்னை எழுதிக் கொடுக்காதீர்கள். போன் ஆன் ஆனதும் கூப்பிடச் சொல்லி, நேரில் போய் நீங்களே திறங்கள். இரண்டு தடவை அலைய வேண்டியிருக்கும், பரவாயில்லை. வங்கிச் செயலிகள் இருக்கும் போன் அது.

பேசியதற்கு மாறாகப் பணம் கேட்டாலோ பில் தர மறுத்தாலோ தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

8. செலவும் நாளும்

என்னுடைய கணக்கை அப்படியே தருகிறேன். விலை ஊருக்கு ஊர், மாடலுக்கு மாடல் மாறும்.

என் போன்: முதல் கடை 500, டூப்ளிகேட் சிம்முக்கு 50, ரிச்சி தெருவில் போர்டு வேலைக்கு 2,800. நாலு நாள் ஆனது. பவர் சப்ளையில் இணைத்து 40 நிமிடம் ஓட்டினார்கள். அதற்குள் நான் பக்கத்தில் உட்கார்ந்து படங்களை மட்டும் பென் டிரைவுக்கு மாற்றினேன். 63 அளவுகளும் கிடைத்தன. போன் அதற்குப் பிறகு ஓடவில்லை. புதுப் போன் 14,000.

அக்கா மகன் போன்: உடனே அணைத்தோம், மூன்று மணி நேரத்துக்குள் கடைக்குக் கொண்டுபோனோம். திறந்து கழுவ 900. மறுநாள் மாலை கையில் கிடைத்தது.

டிஸ்ப்ளேயும் போயிருந்தால் செலவு எகிறும். போனின் இப்போதைய செகண்ட் ஹேண்ட் விலையில் பாதியைத் தாண்டினால், தகவலை மட்டும் எடுத்துக்கொண்டு நிறுத்திவிடுவது நல்லது என்பது என் எண்ணம்.

9. திரும்பி வந்த பிறகு

ஆன் ஆனதும் முதல் வேலை பேக்கப். புகைப்படம், தொடர்பு எண்கள், வாட்ஸ்அப் மூன்றும். தண்ணீர் போன செட் எந்த நாளும் நிற்கலாம், அதனால் வீட்டுக்கு வருவதற்கு முன் கடை வாசலிலேயே ஆரம்பித்துவிடுங்கள்.

கடையை விட்டுக் கிளம்பும் முன் சோதிக்க வேண்டியவை: ஒரு அழைப்பு பேசிப் பாருங்கள், குரல் பதிவு செய்து கேளுங்கள், இரண்டு கேமராவிலும் லென்ஸுக்குள் பனி படர்ந்திருக்கிறதா பாருங்கள், சார்ஜ் ஏறுகிறதா பாருங்கள், விரல் ரேகை, ஸ்பீக்கர். திறந்து மூடிய போன் பழையபடி தண்ணீர் தாங்காது, மழையில் பிளாஸ்டிக் உறை போட்டுக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் இரவில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்க வேண்டாம். பகலில், கண் முன்னால் போடுங்கள். சூடு அதிகமானால் உடனே கழற்றிவிடுங்கள்.

ரசீதைக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள். வேலைக்கு எத்தனை நாள் கேரண்டி என்று அதில் எழுதி வாங்குங்கள், 30 நாளாவது கேளுங்கள். அக்கா மகன் போனில் 19ஆம் நாள் மைக் நின்றுவிட்டது. நாங்கள் பேசுவது எதிரில் இருப்பவருக்குக் கேட்கவில்லை. ரசீதோடு போனோம். கீழே சார்ஜிங் போர்டில் மிச்சமிருந்த அரிப்புதான் காரணம் என்று காட்டினார்கள். அந்தச் சின்னப் போர்டை மாற்றிக் கொடுத்தார்கள், பணம் வாங்கவில்லை.